ஓலை காட்டி வழக்காடிய இறைவன்

திருவெண்ணெய்நல்லூர் கிருபாபுரீஸ்வரர் கோயிலில் வழக்கு வென்ற அம்பலம் என்று ஒரு மண்டபம் உண்டு. அந்த வழக்கை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். புத்தூர் மணப்பந்தலுக்கு வந்த முதியவர், மாப்பிள்ளை சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். ஊர்ச்சபை ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைச் சான்றாகக் கேட்கிறது. ஓலையில் இருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை அவருடைய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு.

வந்தவர் சிவபெருமான். ஆணையிட்டே ஆட்கொண்டிருக்கலாம். ஆனாலும் சபைக்கு வந்தார், சோதனைக்கு உடன்பட்டார்.

அப்படியானால் அதிகாரத்திடம் சான்று கேட்பது பணிவுக்குக் குறைவாகுமா? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்ததும் இதே வெண்ணெய்நல்லூரில்தான். அவருடைய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று நிறுவியே செல்கின்றன. கேட்டுத் தெளிவது இந்த மண்ணின் பக்திக்கு அந்நியமல்ல.

போலீஸ் ஸ்டேஷன் என்றால் மட்டும் வேறு கதை. அந்தப் படியே ஏறியதில்லை என்பது இன்றும் பல குடும்பங்களுக்குப் பெருமை. உள்ளே நடப்பது தெரியாததால் வரும் பயம் அது. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரப் போலீசார் 1985இல் குடிமக்களுக்குத் தங்கள் வேலைமுறையைப் பாடமாகவே நடத்தத் தொடங்கினார்கள். தமிழகத்தில் 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு', சாத்தான்குளம் போலீஸ் காவல் மரணக் கொடுமைக்குப் பின் 2020இல் தடை செய்யப்பட்டது. போலீசுக்கு ஒத்தாசையாக ஆள் சேர்ப்பது வேறு, ஊராருக்கு அதன் நடைமுறையைக் கற்றுத்தருவது வேறு. தேவைப்படுவது இரண்டாவதுதான்.

பாடம் ஒன்றும் பெரிதில்லை. மனு கொடுத்தால் அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்க வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்பது 2013 லலிதா குமாரி தீர்ப்பு. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

இது யாருக்கு அதிகம் வேண்டும் என்பதைத் திண்டிவனம் காட்டும். அங்கே பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பொய்வழக்குகளில் சிக்கும் இருளர்களுக்காக நெடுங்காலம் போராடி வருகிறது. 1996 டி.கே. பாசு தீர்ப்பின்படி, கைதாகும்போதே நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளில் உண்மையான நேரம் ஏறினால்தான், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்று ஓர் இருளர் குடும்பம் கணக்குக் கேட்க முடியும்.