குறை சொல்லி விற்றல்

ஒரு பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. அப்போது விற்பவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவரா? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த வினா இது. ஆம்பூரில் காலணி ஏற்றுமதித் தொழில் செய்யும் அன்பர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை இதே வினாவோடு என் இல்லத்திற்கு வந்தார். இது பாவசங்கீர்த்தனம் அன்று. அவரது இசைவுடனேயே எழுதுகிறேன்.

இளமை முதலே அவருக்குப் பந்தயக் கார்கள் மீது தீராத ஆசை. புதிதாக வாங்கும் வசதியில்லை. எனவே விலை இறங்கக் காத்திருந்தார். நம் நாட்டு வாகனக் காப்பீட்டுக் கணக்கில் ஒரு வண்டியின் மதிப்பு முதல் ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும் குறைகிறது; நான்காம் ஆண்டைக் கடந்து ஐந்தாம் ஆண்டுக்குள் 50 விழுக்காடு குறைந்துவிடுகிறது. சந்தை இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டதன்று. ஆயினும் காலம் செல்லச் செல்ல விலை தேயும் என்பதே பொதுவிதி. வெளிநாட்டிலிருந்து பழைய காரைக் கொணர்வதும் எளிதன்று. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காருக்கு இறக்குமதி அனுமதி இல்லை. ஆகவே இத்தகைய கார்கள் பெரும்பாலும் உள்நாட்டிலேயே கைமாறுகின்றன. 2002-ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபியட் நிறுவனம் பரிசளித்த ஃபெராரி 360 மொடேனா, சுங்கவரிச் சர்ச்சையில் அடிபட்டு, இறுதியில் அந்நிறுவனமே வரி செலுத்திய பின், 2011-இல் சூரத் வணிகர் ஒருவரிடம் சேர்ந்ததைப் பலர் அறிவர்.

நம் அன்பரும் வங்கிக் கடனோடு ஒரு பழைய போர்ஷே 911 வாங்கினார். 'உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்' என்ற தாளிலும் கையெழுத்திட்டார். சில மாதங்களில் விளக்குகள் தாமே அணைந்தன. பிரேக் எச்சரிக்கை ஒளிர்ந்தது. பணிமனையில் தரைவிரிப்பை எடுத்துப் பார்த்தபோது அடியில் வண்டல், மின்இணைப்புகளில் துரு. வண்டி எப்போதோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் எத்தனையோ! இவருடையது எந்த வெள்ளத்தில் நனைந்ததோ, சொல்வார் இல்லை. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. நீட்டிக்க வேண்டுமாயின் வண்டி முதலில் சோதனையில் தேற வேண்டும், அது தேறவில்லை.

இந்நிலையில் வெளிமாநிலத்தார் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். "ஃபாதர், எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விற்றால் அது பாவமா?" என்றார் அன்பர். ஆடம்பரம் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அதைத் தொடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாம் பிரிவில் ஒரு குதிரையை எடுத்துக்காட்டுகிறது. தன் குதிரை நலமற்றது என அறிந்த ஒருவர், அதை ஏலத்தில் விற்கையில் வாளாவிருந்தால் அது மோசடியாகாது. ஆனால் வாங்குபவர் அண்மையில் உரிய வயதெய்திய அவருடைய சொந்த மகளாயின், குறையைச் சொல்வது அவர் கடமையாகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாசும் இவ்வினாவை ஆராய்ந்தார். அவரும் குதிரையைக் கொண்டே விளக்கினார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்ப்பவர்க்கெல்லாம் தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விற்றவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். மணிக்கு 280 கிலோமீட்டரைக் கடந்து ஓடவல்ல வண்டியில், பிரேக்கை ஆளும் மின்இணைப்பில் துரு இருக்குமாயின், அது வாங்குபவருக்கு மட்டுமா ஆபத்து? சாலையோரம் நடந்து செல்பவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லையே!

தோல் தொழில் அறிந்த நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய தழும்பு, சூட்டுக்கோல் வடு ஆகியவற்றைத் தேய்த்துச் சமன்செய்து, வண்ணம் பூசி, அச்சுப் பதித்து அழகாக்குகிறோம். அது குற்றமன்று, அத்தோல் அதற்குரிய தரத்தில், அதற்குரிய விலைக்கு விற்கப்படும்வரை. பழுதற்ற முதல்தரத் தோல் என்று கூறும் நொடியில் அது பொய்யாகிறது. பாலாற்றில் நாம் கண்டதும் இதுவே. நம் ஆலைகளின் கழிவால் வந்த இழப்பைக் கணக்கேட்டில் எழுதாமல், ஆற்றங்கரை உழவரின் கிணற்றில் இறக்கிவைத்தோம். மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னரே கணக்கு நம்மிடம் திரும்பி வந்தது.

அன்பருக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று அன்று தயங்கினேன். இளங்குருவாக இருந்தபோது என் மோட்டார் சைக்கிளைக் கிளைக் கிராமத்து ஆசிரியர் ஒருவருக்கு விற்றேன். ஒரு விபத்திற்குப் பின் அதன் சட்டம் ஒட்டவைத்து வண்ணம் பூசப்பட்டிருந்தது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சில மாதங்களில் ஒட்டு விட்டு அவர் விழுந்தார். இறையருளால் கைச்சிராய்ப்போடு தப்பினார். சாமியார் விற்ற வண்டி என்பதால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் வழக்கம்போலப் பூசைக்கு வந்து நின்றார். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் பணத்தைத் திருப்பித் தர எனக்கு ஓராண்டு ஆயிற்று.

இதைச் சொல்லிவிட்டு, "தம்பி, வாங்க வருபவர் உங்கள் மகளாயிருந்தால் சொல்வீர்களா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. சட்டம் மகளுக்கு மட்டும் வரையறுத்த கடமையை, அயலார் யாவர்க்கும் உரியதாக விரிப்பதே நாம் ஏற்ற நெறி. ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றியவரிடம் ஈடு கேட்கலாம்; வழக்கும் தொடரலாம். அறியாத மூன்றாமவரிடம் அதை வசூலிக்க அவருக்கு உரிமையில்லை.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. பராமரிப்புப் பதிவேட்டையும் காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றையும் கேளுங்கள்; தொடர்பில்லாத வல்லுநர் ஒருவரைக் கொண்டு வண்டியைச் சோதியுங்கள்; உத்தரவாதம் எதை ஏற்கிறது, எதை விலக்குகிறது எனப் படித்தபின் ஒப்பமிடுங்கள். விற்பவர் உடனே பெயர்மாற்றம் செய்யவேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்கு ஈடுசெய்யும் பொறுப்புடையவர் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சாவியைக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை எனச் சட்டமும் ஓரளவு ஒப்புகிறது.

அன்பர் வெளிமாநிலத்தாரிடம் உள்ளதைச் சொன்னார்; அவர் விலகிக்கொண்டார். வண்டி கொட்டகையில் உறை போர்த்தி நிற்கிறது. கடன் தவணை இன்னும் முடியவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூற வந்தபோது அதுபற்றிக் கேட்டேன். "நஷ்டம் என்னோடு நின்றுவிட்டது, ஃபாதர்," என்றார்.