திண்ணையில் படித்த கடுதாசி

போரில் கடலோடு போனவர்களின் கடிதங்களையும் காகிதங்களையும் மேற்கத்திய நூலகங்கள் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு விஷமத்தனமான தர்க்கமும் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுதி வைத்தவனுக்கு மனசு இருந்தது, எழுதாதவன் வெறும் தலைக்கணக்கு என்பதுதான் அது.

1940 செப்டம்பர் 17 இரவு 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் 77 பேர் செத்தார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, வரவேண்டியதுதான். அதே கப்பலில் செத்த மாலுமிகளில் பெரும்பாலோர் லஸ்கர்கள். வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ உழைத்த இந்தியக் கப்பல் தொழிலாளிகள். கதையில் இவர்கள் வருவதெல்லாம் கும்பலாகத்தான்.

செத்த பிறகாவது சமத்துவம் வந்ததா? ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் முதல் உலகப் போரில் இறந்த வெள்ளையருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை போதும் என்று விட்டுவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

பெரம்பலூர்ப் பக்கம் கடலே கிடையாது. ஆனாலும் என் பாட்டியின் தம்பி கப்பலுக்குப் போனார். இரண்டாம் உலகப் போர்க் காலம். அப்போது இது திருச்சி ஜில்லா. 1942இல் கப்பலோடு போய்விட்டார். "தண்ணியில போனவனுக்கு எங்க மண்ணு தள்றது?" என்று பாட்டி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அவரிடமிருந்து வந்தவை இரண்டே கடுதாசிகள். சேரியில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. குடித்தெருவுக்கு எடுத்துப்போய், திண்ணைக்குக் கீழே நின்று, "ஆண்டே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். ஆண்டை ஊர் கேட்கப் படிப்பார். முதல் கடுதாசியில் பணம் அனுப்பிய சேதி இருந்தது. மணியார்டர் வந்து சேருமுன்னே பழைய கடனுக்கு வட்டி ஏறிவிட்டது. இரண்டாவது கடுதாசியில் ஒன்றுமே இல்லையாம். "நான் நலம், அங்கே மாடு கன்னு நலமா"ன்னு மட்டும்தான். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

இந்த மாட்டைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கப்பலில் யாரோ எழுதிக் கொடுத்தவர் வழக்கமான வாசகத்தைப் போட்டிருக்கலாம். முதல் கடுதாசிக்கு என்ன நடந்தது என்று யாராவது போய்ச் சொல்லி, அவரே வேண்டுமென்றே வெறும் வார்த்தையாக அனுப்பியிருக்கலாம். எதுவானாலும், சொந்த அக்காளுக்கு ஒரு வார்த்தை சொல்ல அவர் எழுதுபவனையும், தணிக்கை அதிகாரியையும், திண்ணையையும் தாண்ட வேண்டியிருந்தது. முதல் போரில் பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் அனுப்பிய கடிதங்களும் இப்படித்தான். பலருக்கும் எழுத்தர்கள் எழுதினார்கள், தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். இன்று லண்டனில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்ப்பின் பகுதிகள்தான். அதிலும் தணிக்கையாளரைப் பற்றி மட்டுமே சிப்பாய் கவலைப்பட்டிருப்பான் என்று நினைத்துவிட முடியாது. ஊர்த் திண்ணையும் இருந்தது.

"அவர் எழுதாத கடிதத்தை நீங்க எழுதுங்க தோழர், அதுதானே இலக்கியம்" என்று ஒரு மாணவர் என்னிடம் சொன்னார். ஆசையாகத்தான் இருக்கிறது. உப்பு, இருட்டு, அக்காள் நினைப்பு என்று நாலு பக்கம் எழுதிவிடலாம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க அவருடைய வார்த்தையை இன்னொருத்தன் வாயில் கேட்ட குடும்பம் இது. நானும் போய் நாலாவது ஆளாக உட்காருவதா? எழுதாமல் விட்டாலும் சிக்கல்தான். ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும். ஆகவே இருப்பதை இருக்கிறபடி எழுதுவது என்று தீர்மானித்தேன். திண்ணை, வட்டி, இல்லாத மாடு.

கடுதாசிகள் இரண்டும் திண்ணையிலேயே தங்கிவிட்டன. திருப்பிக் கேட்கப் பயம். எங்களிடம் இருப்பது அரசாங்கத் தாள்கள் மூன்று. மூன்றிலும் இங்கிலீஷில் அவர் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். கடைசித் தாளில் பணம் பெற்றுக்கொண்டதற்கு என் பாட்டியின் இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. மை கொஞ்சம் அதிகம், வரிகள் தெரியவில்லை.