யாரிடம் சொன்னீர்கள்?

"அதான் அறிவிச்சாச்சே அக்கா" என்றார் ஊராட்சிச் செயலர்.

அவர் பொய் சொல்லவில்லை. கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பேருந்து நிறுத்தத்து டீக்கடைச் சுவரில் இன்னொன்று. அதையே படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார். கூட்டத்தில் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் வாசிக்கப்பட்டது. எங்கள் தெருவில் கூரை வீட்டில் குடியிருக்கும் அக்காவின் பெயர் அதில் இல்லை. பக்கத்தில் இருக்கும் கொழுந்தனின் கான்கிரீட் வீட்டுக் கதவு எண்ணையே அவருக்கும் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கில் அவர் ஏற்கெனவே நல்ல வீட்டில் வசிப்பவர். கூட்டத்தில் ஒரு குரல் எழுந்திருந்தால் அங்கேயே திருத்தியிருக்கலாம். குரல் எழவில்லை, தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வாரம் கழித்து விஷயம் தெரிந்து அவர் போய் நின்றபோது கிடைத்த பதில்தான் மேலே இருப்பது.

கொழுந்தன் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அவரைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அண்ணி" என்கிறார். அவரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

செயலர் தன் வேலையைச் செய்திருக்கிறார். கொழுந்தன் எதையும் மறைக்கவில்லை. கதவு எண்ணை எழுதியவர் கவனக்குறைவாக எழுதியிருக்கலாம், வேண்டுமென்று எழுதினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வீடு போயிருக்கிறது. யாருமே தவறு செய்யாமல் ஒருவருக்கு அநியாயம் நடக்க முடியுமா? "சமூக அமைப்புதான் காரணம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது நமக்குப் பழகிவிட்டது. நானும் மேடைகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அமைப்பு என்பது யார் வீட்டு முகவரி? அக்கா யாரிடம் போய்க் கேட்பார்?

நான் கேட்க விரும்புவது இதைவிடச் சிறிய கேள்வி. ஒருவருக்கு ஒரு செய்தியை "அறிவித்துவிட்டோம்" என்று எப்போது சொல்லலாம்?

நான் உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோட்டை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, "கொடுத்தாச்சே" என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? உங்கள் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு, "உங்க வீட்ல கொடுத்துட்டேன்" என்றால்? இரண்டாவதற்குச் சிலர் தலையாட்டக்கூடும், அதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஆனாலும் கடன் தீர்ந்தது என்று எந்தப் பெண்ணும் மனதாரச் சொல்லமாட்டாள். பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். செய்தி மட்டும் புறப்பட்டாலே போதும் என்று எப்படி ஆயிற்று? ஊராட்சியின் வரவு செலவு, பயனாளிகள் பட்டியல், தண்ணீர் விடும் நேரம் ஆகியவை அரசாங்கம் போனால் போகிறதென்று நமக்குச் சொல்லும் சங்கதிகள் அல்ல. அவை நமக்குச் சேரவேண்டியவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிடவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதே பிரிவு, உள்ளூர் மொழியையும் அந்தந்த இடத்தில் எந்த வழியில் சொன்னால் நன்றாகப் போய்ச் சேருமோ அதையும் கருத்தில் கொண்டே அவற்றைப் பரப்பவேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் பெண்களிடம் போய்ச் சேரும் வழி டீக்கடைச் சுவர் என்று யார் முடிவு செய்தது?

டீக்கடையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அங்கே நாளிதழ் வரும். தாள் தாளாகப் பிரிந்து நான்கைந்து பேர் கையில் இருக்கும். மாவட்டச் செய்திப் பக்கத்துக்குத்தான் போட்டி அதிகம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், எந்த ஊருக்குச் சிறப்பு முகாம், எந்தச் சாலைக்கு நிதி, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எந்தெந்தப் பகுதியில் மின்தடை என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். மின்தடைச் செய்தி உண்மையில் யாருக்கானது? முந்தைய இரவே மாவு அரைத்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைக்கவேண்டியவளுக்கானது. அவள் அந்தக் கடையைத் தினமும் இருமுறை கடந்து போகிறாள், நிற்பதில்லை. நின்று சுவரைப் படித்தால் பெஞ்சில் இருப்பவர்கள் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். யாரும் தடை போடவில்லை. தடையில்லாத இடத்தில் நிற்க முடியாமல் இருப்பது என்னவென்று இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

சுவருக்கு முன்பு தண்டோரா இருந்தது. பறையடித்துச் சொல்லும் குரல் அடுப்படி வரைக்கும் வந்தது. கையில் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டதாக என் பாட்டி சொல்வார். பெண்களுக்குச் செய்தி எட்டியது என்ற அளவில் அது சுவரைவிட மேல் என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பறையைத் தோளில் மாட்டித் தெருத்தெருவாக அனுப்பப்பட்டவர் யார், எந்தச் சாதி, அவர் அறிவித்த கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் இருந்ததா? ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன மனிதரின் செய்தியை ஊர் கேட்டதில்லை. தண்டோரா போடுவதை நிறுத்தவேண்டும், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது வரவேண்டிய உத்தரவு, தாமதமாக வந்தது. ஆனால் பறை போன இடத்துக்கு எங்கள் ஊரில் ஒலிபெருக்கி வரவில்லை. வாட்ஸ்அப் வந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் இந்திய அளவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் 54 சதவீதம் அளவில்தான். இன்று இந்த எண்கள் கூடியிருக்கும். ஆனாலும் வீட்டுக்கு ஒரு பெரிய போன் வந்தால் அது முதலில் யார் சட்டைப் பைக்குப் போகிறது என்பது மாறிவிட்டதா? எங்கள் ஊர்க் குழுவில் அக்காவின் பட்டன் போனுக்கு இடமில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஒவ்வொருவர் காதிலும் விழுந்ததா என்று அரசு எப்படி உறுதி செய்ய முடியும்? ஊர் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை குடிமக்களுக்கு இல்லையா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை நாட்களே தெரிந்தவைதானே? இதில் உண்மை இருக்கிறது. படித்த, கையில் போனுள்ள நானே எங்கள் தெருவுக்கு வந்த அறிவிப்புகளில் பாதியைப் பார்க்காமல் தள்ளியிருக்கிறேன். அது என் பொறுப்பின்மை. ஆனால் தேடித் தெரிந்துகொள்வதற்கு ஒரு அரை மணி நேரமும் போய்க் கேட்க ஓர் இடமும் கேட்டால் முகம் சுளிக்காத ஓர் ஆளும் வேண்டும். இந்த மூன்றும் இருப்பவருக்குத்தான் அது கடமை.

அதோடு, அரசுக்குப் பெண்களிடம் போய்ச் சேரத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை. 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பங்களும் டோக்கன்களும் ரேஷன் கடைப் பணியாளர்கள் வழியாக வீடு தேடி வந்தன. எந்த நாளில் எந்த முகாமுக்கு வரவேண்டும் என்பது வரை சொல்லப்பட்டது. செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மேல் தேர்வாகியிருந்தார்கள். மனம் வைத்தால் வழி தெரிகிறது. வாக்காளர் சீட்டும் வீட்டுக்குத்தான் வருகிறது. அமைச்சர் வரும் விழாவுக்கு ஆள் வேண்டுமென்றால் மகளிர் சுய உதவிக் குழு வழியாக ஒரே மாலையில் ஊரிலுள்ள அத்தனை பெண்களுக்கும் சொல்லிவிட முடிகிறது. எந்த நிறச் சேலை என்பது வரை.

கிராம சபைக்கும் பெண்கள் வருகிறார்கள். மக்கள்தொகையைப் பொறுத்து 50, 100, 200, 300 பேர் என்று குறைவெண் வரம்பு இருக்கிறது. அதை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் கூப்பிடுவது பல ஊர்களில் வழக்கம். வருவார்கள், வெயிலில் தரையில் உட்காருவார்கள், நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். தீர்மானங்களை ஒருவர் மூச்சுவிடாமல் வாசிப்பார். அவர்கள் வந்தது எண்ணிக்கைக்காக. கேட்பதற்காக யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அதனால் கேட்கும்படி வாசிக்கவும் இல்லை. எங்கள் அக்கா அன்று வராததற்குக் காரணம் எளிது. அந்த வாரம் அவர் நூறு நாள் வேலையில் இல்லை, கரும்பு வெட்டப் போயிருந்தார்.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 2007-இல் வெளியான தன் நூலில், ஒருவரை அறிவுள்ளவராக மதிக்காமல் இழைக்கப்படும் அநீதியைத் தனியாக எடுத்துப் பேசினார். பெண் சொல்வதை, கறுப்பினத்தவர் சொல்வதை, அவர்கள் யார் என்பதாலேயே நம்ப மறுப்பது அதில் ஒரு வகை. எனக்கு அது மிகவும் பயன்பட்டது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண் அதற்கும் ஒரு படி முன்னாலேயே நிறுத்தப்படுகிறாள் என்று நினைக்கிறேன். அவள் பேசி, அதை நம்ப மறுக்கும் கட்டம் பிறகுதான் வரும். அவளிடம் சொல்லவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஓர் ஆணுக்குத் தெரிந்தால் வீட்டுக்கே தெரிந்ததாகக் கணக்கு. "பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்ற வாக்கியத்தில் பெண்ணுக்கு இடம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள், அவள் ஓர் ஆணின் காது வழியாக அதற்குள் இருக்கிறாள்.

பதவிக்கு வந்த பெண்ணும் இதிலிருந்து தப்புவதில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவராக இருந்த தலித் பெண், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் வெளியானது. அந்தப் படம் வராமல் இருந்திருந்தால்? கூட்டப் பதிவேடுகளின் வழக்கமான வாசகம் நமக்குத் தெரியும்: தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது. சட்டப்படி அதில் ஒரு சொல்லும் தவறில்லை. அரசுச் செய்திகளின் மொழி நாற்காலியைக் காட்டுவதே இல்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். எந்தத் தெருக்குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, அங்கன்வாடியில் முட்டை எந்த நாள் வரவில்லை, ரேஷனில் பருப்பு எப்போது தீரும் என்பதெல்லாம் செயலருக்கு முன்பே பெண்களுக்குத் தெரியும். ஊரைப் பற்றிய இந்த அறிவுக்குச் செய்தி என்ற பெயர் கிடைப்பதில்லை, "பொம்பளைங்க பேச்சு" என்று பெயர். அதையே ஓர் ஆண் மனுவாக எழுதித் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். யார் தவறு? செயலரின் தவறு ஒட்டியதில் இல்லை, ஒட்டியதோடு முடிந்தது என்று நினைத்ததில் இருக்கிறது. கொழுந்தனின் தவறு, தான் அறிந்ததைத் தன்னுடையதாக மட்டுமே வைத்துக்கொண்டது. இரண்டும் சிறிய தவறுகள், இருவருமே நல்லவர்கள். நல்லவர்களின் சிறிய தவறுகள் எப்போதும் ஒரே திசையில் போய் ஒரே ஆட்கள் மேல் விழுகின்றன. அதனால் அவற்றைச் சிறியவை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. செயலரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வீடு வீடா போய் சொல்ல ஆள் இல்ல மேடம்" என்றார். அதுவும் உண்மைதான். மூன்று குக்கிராமங்களுக்கு அவர் ஒருவர்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எங்கள் ஊரும் அதில் ஒன்று. இனி யாரிடம் மனு கொடுப்பது என்று அக்கா கேட்டார். முன்னாள் தலைவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார், அவரும் பெண்தான். "எனக்கே சரியாத் தெரியலக்கா, வீட்டுக்காரர் வந்தா கேட்டுச் சொல்றேன்" என்றாராம்.

மனு கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகள், விடுமுறையில் வரும்போதெல்லாம் அலுவலகப் பலகையைப் போனில் படம் எடுத்து வந்து, தண்ணீர்த் தொட்டியடியில் கூடும் பெண்களுக்கு வாசிக்கிறாள். பாதிப்பேர் கேட்பதில்லை. போன முறை வரவு செலவை வாசிக்கத் தொடங்கியதும், குடத்தை இடுப்பில் ஏற்றிய ஒரு பாட்டி நின்று கேட்டார்: "மோட்டார் ரிப்பேருன்னு எவ்ளோ எழுதியிருக்கான்? இன்னொரு தடவ படி."