திண்ணை வைத்த விடுதி

பழைய தெருவொன்றில் புதிதாக எழும் விடுதி, அந்தத் தெருவின் கட்டடக் கலையைத் தன் முகத்தில் காட்டலாமா? அழகு பற்றிய கேள்வியாகத் தொடங்கும் இது, கட்டடம் பொய் சொல்லுமா என்ற அறக் கேள்வியில் போய் நிற்கிறது. ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ நூலில் வாய்மைக்கென்றே ஒரு விளக்கை ஒதுக்கினார். எதையும் தாங்காத தூண் தாங்குவதுபோல் நிற்பது, ஒரு பொருளுக்கு வண்ணம் பூசி வேறொன்றாகக் காட்டுவது, எந்திரத்தில் வார்த்த அலங்காரத்தைக் கைவேலையின் இடத்தில் வைப்பது ஆகிய மூன்றும் அவருக்கு வஞ்சகம். சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964இன் வெனிஸ் சாசனமும் பழைய சின்னங்களில் புதிதாகச் சேர்க்கப்படுவது பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்றது.

உண்மை கல்லிலும் மரத்திலும்தான் இருக்கிறது என்ற இந்த நம்பிக்கை எல்லா நாட்டுக்கும் பொருந்தவில்லை. ஜப்பானின் இசே கோயில் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புத்தம்புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாக 2013இல் அது நடந்தது. ஒன்றின் மெய்த்தன்மையை அதனதன் பண்பாட்டுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று 1994இன் நாரா ஆவணம் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் திருப்பணியில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. குடமுழுக்கு முடிந்த கோயிலைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விடுதிக்காரர் இந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோயிலில் வடிவத்தோடு வழிபாடும் தொடர்கிறது. வீட்டின் முகத்தை மாட்டிக்கொள்ளும் விடுதியில் வீட்டின் வாழ்க்கை தொடர்வதில்லை.

புதுச்சேரியில் இந்தச் சிக்கலைத் தெருவிலேயே பார்க்கலாம். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய நகரம், பிரெஞ்சுக்காரர் 1765இல் திரும்பிவந்த பின் பழைய தெருக்கோட்டின் மேலேயே மீண்டும் எழுந்தது. ஆகவே அங்கே ‘பழைமை’ என்று இன்று காட்டப்படுவதில் பெரும்பகுதி மறுகட்டுமானம்தான். நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி: உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே தோட்டம். மேற்கே தமிழர் பகுதி: ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், தெருவை நோக்கி மரத்தூண்களில் இறங்கும் தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, செதுக்கிய கதவு, முற்றம். கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகளும் உண்டு. தூய பாணி வேண்டும் என்று கேட்பவருக்கு அந்த வீடுகளே பதில். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் தெருவில் இந்த முகப்புகளைச் சீர்செய்தது.

இத்தகைய தெருவில் கட்டப்படும் விடுதி எதைப் பிரதிபலிக்க வேண்டும்? கதவும் தூணும் பழைய மரச்சாமான் கடையிலேயே கிடைத்துவிடும். அந்த வீடுகளின் உயிர் அவற்றின் விளிம்பில் இருந்தது. தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல். திண்ணை, வீட்டுக்காரருக்கு முன்பின் தெரியாதவர் காசில்லாமல் உட்காரும் இடம். குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கிய விருந்தோம்பலின் கட்டட வடிவம் என்று அதைச் சொல்லலாம். விடுதியோ விருந்தோம்பலை விலைக்கு விற்கும் இடம். அதன் திண்ணையில் கயிறு கட்டிக் காவலாளியை நிறுத்தினால், அங்கே நடப்பது ரஸ்கின் பட்டியலில் இல்லாத நான்காவது வஞ்சகம்: கொடுப்பதுபோல் காட்டிக் கொடாமல் இருப்பது. தேக்குக்குப் பதில் இரும்புத்தூண் நின்றாலும், தாழ்வாரத்தின் பாரத்தை அது மெய்யாகவே தாங்கி நடப்பவருக்கு நிழல் தந்தால் அதில் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பழைய தாராளத்துக்கும் எல்லை இருந்தது. திண்ணையில் யார் உட்காரலாம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. புதுச்சேரியின் இரு பகுதிகளுமே வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று நிறத்தால் பிரிக்கப்பட்டவை. மரபை முழுதாகத் திருப்பிக் கட்டுவது என்றால் இவற்றையும் கட்ட வேண்டியிருக்கும். யாரும் அதைக் கேட்கவில்லை. எந்தக் கட்டடக் கலைஞரும் பாரம்பரியத்திலிருந்து தேர்ந்தெடுத்தே எடுக்கிறார். கேள்வி, எதைத் தேர்ந்தார் என்பதுதான். முற்றத்தைக் காற்றுக்காக வைப்பது, தெருக்கோட்டை மீறாமல் நிற்பது, பக்கத்து வீட்டை மறைக்காத உயரத்தில் நிறுத்துவது ஆகியவை நல்ல தேர்வுகள். அறை எடுக்காதவருக்கும் வாசலில் நிழலும் உட்கார இடமும் தருவது அவற்றைவிடச் செலவு குறைந்தது. அதை மறுக்கும் விடுதி, எத்தனை பழைய தூண்களை வாங்கி நட்டாலும் அந்தத் தெருவைச் சேர்ந்ததாகாது.