சமத்துவ மனத்தை அளப்பது எங்ஙனம்?

ஒருவன் பிறரைச் சமமாக எண்ணுகிறானா என்பதை அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கொண்டு தீர்மானிக்கலாகுமா? அன்பர்களே, இது வெறும் ஏட்டு வினா அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகம் 2018-19இல் உயிரியல் துறைகளுக்கு ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்தபோது இவ்வினா நடைமுறைக்கே வந்தது. தகுதியான விண்ணப்பங்கள் ஏறக்குறைய 900. ஆராய்ச்சித் திறமையைப் பாராமல், பின்தள்ளப்பட்டோரின் முன்னேற்றத்துக்கு என்ன செய்தீர், இனி என்ன செய்வீர் என்பதற்கு அவர்கள் எழுதிய விடையை மட்டுமே முதலில் படித்தார்கள். எஞ்சியவர் 214 பேர்.

நோக்கம் நல்லதே. மாணவனை இழிவாக நடத்துபவன் எத்துணைக் கற்றவனாயினும் ஆசிரியத் தொழிலுக்கு உரியவனல்லன். ஆதலின் அக்குணத்தை ஆராய்தல் முறையே. மேலும், ‘மாணவரின் பின்னணியைப் பாராமல் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவேன்’ என்று எழுதியவர்க்கு அங்கே குறைந்த மதிப்பெண்ணே விதித்திருந்தனர். இதைக் கண்டு நகைத்தவர் உண்டு. நான் நகையேன். கிணற்றங்கரைக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டவனிடம், ‘தண்ணீர் யாவர்க்கும் பொது’ என்று சொல்லிப் போவது சமத்துவமாகாது என்பதை நம்மவர்க்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆனால் கருவியில் குற்றம் உண்டு. நயமாக எழுதக் கற்றவனே அதில் வெல்வான். பஞ்சாலையில் மேஸ்திரி முன் இனிக்கப் பேசியவன் நல்ல இயந்திரத்தைப் பெற்றதையும், இழை அறாமல் நூற்ற வாய்ப்பேச்சற்றவன் பழுதான இயந்திரத்தோடு மல்லாடியதையும் நான் பல்லாண்டு கண்டவன்.

இன்னொன்று, நிர்ப்பந்தம். இதே பல்கலைக் கழகம் 1949இல், தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என்று ஆசிரியர்களிடம் சத்தியக் கையொப்பம் கேட்டது. மறுத்த 31 பேர் 1950இல் நீக்கப்பட்டனர். 1952இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கணிதப் பேராசிரியை அபிகேல் தாம்சன் 2019இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். ஒப்புமை முழுதும் பொருந்தாது: அன்று கேட்டது கட்சியை, இன்று கேட்டது தொழிலோடு சேர்ந்த நடத்தையை. எனினும், நடத்தையை விட்டு நம்பிக்கையை எடைபோடத் தொடங்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2024இல் இவ்வறிக்கையைக் கைவிட்டது; கலிபோர்னியா 2025 மார்ச்சில் கட்டாயத்தை நீக்கியது. தராசு பிழையென்று கண்டவர் வேறு தராசு தேடவேண்டும். நிறுப்பதையே நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. முதலில் கல்வியைப் பார்க்கட்டும். பிறகு அவனிடம் பயின்ற மாணவர்களை, அதிலும் தடுமாறிய மாணவர்களை, விசாரிக்கட்டும். இன்னும் எவர்க்கும் கற்பிக்காத இளைஞனை என் செய்வது என்பீர்கள். நிலையான பதவி தருமுன் அங்கே பல ஆண்டுச் சோதனைக் காலம் உண்டு. அவனை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.