மழை கரைக்கும் முழுமை

பலர் கூடிச் செய்யும் வேலையில், அந்தப் பலரைத் தவிரக் 'குழு' என்று தனியாக ஒன்று இருக்கிறதா? இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. உறுப்புகள் சேரும்போது அவற்றுக்கு மேற்பட்ட முழுமை ஒன்று பிறக்கிறது, அதுவே அவயவி என்றார்கள் நியாய வைசேடிகர்கள். பௌத்தர்கள் மறுத்தார்கள். சக்கரம், அச்சு, நுகம் என ஒவ்வொன்றாகக் காட்டி, இவற்றில் தேர் எது என்று மிலிந்த அரசனை நாகசேனர் மடக்கிய வாதம் புகழ்பெற்றது. மரக்காணம் உப்பளத்தில் வைத்து இந்த வழக்கை விசாரித்தால் முதலில் நியாய மரபே வெல்லும். மழைக்காலம் கழிந்ததும் பாத்திகளில் சேறு நீக்கி, தரையை மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கும், உப்போடு மண்ணும் வரும். பிறகு உவர்நீர் பாத்தி பாத்தியாகக் காய்ந்தபடி நகர்கிறது. ஏறத்தாழ 25 டிகிரி செறிவில் உப்பு விளையத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். மிதித்தவர், நீர் பாய்ச்சியவர், பலகையால் வாரியவர், தலையில் சுமந்து குவித்தவர் ஆகியோரில் ஒருவர் கை தவறினாலும் மற்றவர் உழைப்பு வீண். குவியலைக் காட்டி, இது இன்னார் விளைவித்த உப்பு என்று பிரிக்கவும் முடியாது.

ஆனால் ஒரு கோடை மழை பெய்யட்டும். பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும். அளத்துக்காரருக்கு விளைச்சல் போகும், கூலிக்காரருக்கு அன்றாட அடுப்பே அணையும். வடகிழக்குப் பருவமழையில் மாதக்கணக்கில் வேலை இல்லை. உழைப்பில் ஒன்றாக நின்றவர்கள் நட்டத்தில் உதிரிகள். இப்போது வழக்கு நாகசேனர் பக்கம் சாய்கிறது. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைச் சார்ந்திருப்பது மட்டும் குழுவை உண்டாக்காது என்பதே இதன் பொருள். காலில் முள் தைத்தால் உடல் முழுதும் துடிக்கிறது. அதனால்தான் அதை ஓர் உடல் என்கிறோம். உறுப்பின் வலி முழுமைக்கும் வலித்தால்தான் முழுமை உண்டு.

கூலி கொடுத்தால் உப்பு வரத்தானே செய்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். வரும். ஆனால் வரப்பு கசிவதை முதலில் காண்பவர் அங்கே நிற்கும் தொழிலாளி. தனக்கு நட்டமில்லாத கசிவை அவர் ஓடிவந்து சொன்னால் அது அவருடைய அறம். அதில் அந்த ஏற்பாட்டுக்குப் பெருமை இல்லை. தனிமனித அறத்தைக் கடன் வாங்கி நடக்கும் கூட்டம் நெடுநாள் திறமையாக இயங்காது. நட்டத்தைப் பொதுவாக்கினால் சோம்பல் வளரும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு விடை, மழையையும் அலட்சியத்தையும் பிரித்துப் பார்ப்பது. அலட்சியத்துக்குச் செய்தவரே பொறுப்பு. மழைக்கு எவரும் பொறுப்பல்லர் என்பதால்தான் எல்லோரும் பொறுப்பு.

மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்ததை இந்த வகையில் பார்க்க வேண்டும். சிறு தொகைதான். ஆனாலும் உப்பைத் தின்பவர்களும் அந்த நட்டத்தில் பங்காளிகள் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. ஒரு கூட்டம் குழுவா என்று அறிய விளைச்சல் நாளில் போய்ப் பார்ப்பது வீண். மழை நாளில் போய்ப் பார்க்க வேண்டும்.