அவிழ்க்க வேண்டிய கட்டு

உயிர், உயிரல்லது, ஊற்று என்று தத்துவங்களை எண்ணி வரும்போது நான்காவதாக நிற்பது கட்டு. வினை உயிரைப் பிணிப்பது கட்டு. அது முற்றும் அவிழ்வது வீடு. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைக் கூறுமிடத்தும் இச்சொல் மீண்டும் வருகின்றது. கொல்லாமை விரதத்தில் நேரக்கூடிய வழுக்களாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்தினைக் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை நாம் அதிசாரங்கள் என்போம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவ்வாறே ஐந்தாக எண்ணுகின்றது.

இவ்வைந்தையும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: "பாட்டி, கட்டுவது குற்றம் என்றால், கால் ஒடிந்த கன்றுக்கு டாக்டர் கட்டுப் போடுவதும் குற்றமா?" சிறுபிள்ளையின் கேள்வி என்று தள்ளத்தக்கதன்று இது. முறிந்த காலுக்குத் தப்பை வைக்கும்போது கட்டுகிறோம். அழுகிய காலை மருத்துவர் அகற்றும்போது உறுப்பு அறுபடுகிறது. மாட்டிற்கு மயக்க மருந்து கொடுக்குமுன் தீவனத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். இல்லையேல் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஆகவே ஐந்து வழுக்களுள் மூன்று, ஒரே சிகிச்சையில் வந்து நிற்கின்றன.

"நல்லெண்ணத்தோடு செய்தால் பாவம் இல்லை" என்று பெரியோர் பலர் விடை கூறுவர். அது பாதி விடையே என்பது என் கருத்து.

தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூச்சியபாதர், ஓர் உயிர் தான் விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுப்பதற்குக் காரணமாவதைக் கட்டு என்று விளக்குகிறார். அவ்விளக்கப்படி மாவுக்கட்டும் கட்டே. கன்று எழுந்து தாயிடம் ஓட விரும்புகிறது, நாம் தடுக்கிறோம். சொல்லை மாற்றி இதிலிருந்து தப்ப இயலாது. ஆனால் அதே அத்தியாயம் இம்சை எது என்று கூறும்போது 'பிரமத்த யோகம்' என்னும் சொல்லை முன் வைக்கின்றது. விழிப்பு இழந்த மனமொழிமெய்களின் செயல் என்பது அதன் பொருள். எனவே நம்மிடம் கேட்கப்படுவது நல்லெண்ணம் மட்டுமன்று; விழிப்பும் கேட்கப்படுகிறது. நல்லெண்ணம் கட்டும் வேளையில் இருந்தால் போதும். விழிப்போ அவிழ்க்கும் நாள்வரை இருந்தாக வேண்டும்.

இதனை நம் கொங்கு நாட்டு வாழ்வில் வைத்துப் பார்ப்போம். விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் நிற்கும் இந்நாடு, காங்கேயம் காளைகளின் நாடு. லாடம் அடிக்கக் காளையைச் சாய்த்து நான்கு கால்களையும் கயிற்றால் பிணைப்பதை ஊர்களில் கண்டிருப்பீர்கள். அக்கயிறு வேலை முடிந்த மறுகணமே அவிழ்க்கப்படும். காளை எழுந்து நடக்கும். முறிவுக்குப் போடும் கட்டு அத்தகையதன்று. மூங்கிற் பத்தைகளைத் துணியிலும் பஞ்சிலும் பொதிந்து, முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதவாறு பிணைக்க வேண்டும். இன்று அவ்விடத்தில் மாவுக்கட்டும் கண்ணாடியிழைக் கட்டும் வந்துள்ளன. 1852இல் மதைசன் என்னும் டச்சு இராணுவ மருத்துவர் மாவு பூசிய துணிச்சுருளைப் பற்றி எழுதியதிலிருந்து மனிதர்க்கு அது பெருவழக்காயிற்று. பின்னர் விலங்குகளுக்கும் வந்தது. இளங்கன்றின் எலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். அத்தனை வாரமும் அது நம் பிணைப்பில் இருக்கின்றது.

அவ்வாரங்களில் எத்தனை பிழை நேரலாம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளம்பின் மேற்பகுதி வீங்கும், குளிர்ந்து போகும். உள்ளே புண் பட்டால் நாற்றம் எழும். விலங்கு ஓயாமல் கட்டைக் கடிக்கும். நாய்க்குக் கட்டும்போது நடுவிரல்கள் இரண்டின் நுனியை வெளியே தெரிய விடுவது, வீக்கத்தையும் குளிர்ச்சியையும் அன்றாடம் தொட்டுப் பார்ப்பதற்காகவே. கன்றோ நாளும் வளர்வது. முதல் நாள் பொருந்திய கட்டு மூன்றாம் வாரத்தில் சிறையாகிவிடும். பறவையின் நிலை இன்னும் நுட்பமானது. இறகொடிந்த பறவையின் சிறகை உடலோடு சேர்த்துக் கட்டும்போது மார்பை இறுக்கக் கூடாது. நம்மைப்போல் உதரவிதானம் இல்லாத பறவை, மார்பெலும்பை அசைத்தே மூச்சு விடுகிறது. இரக்கத்தோடு இறுக்கிக் கட்டினால் இரக்கத்தாலேயே அது மூச்சடைத்து இறக்கும். வேண்டிய நாளுக்கு மேல் விட்டு வைத்தாலோ சிறகின் தோல் சுருங்கி, எலும்பு கூடியும் பறக்க இயலாமற் போகும்.

ஆகவே கருணையால் போட்ட கட்டு, மறதியால் அதிசாரமாகின்றது. கட்டிய கையும் கட்டப்பட்ட காலும் அவையே. இடையில் விழிப்பு ஒன்றே குறைந்தது.

மற்ற இரண்டிற்கும் இதுவே அளவுகோல். அழுகல் உடலெங்கும் பரவாதிருக்கக் காலை அகற்றுவது, அவ்வுயிரின் வாழ்வுக்காக. பராமரிக்கும் தொல்லைக்கு அஞ்சி அகற்றுவது நமக்காக. அறுவைக்காகத் தீவனம் நிறுத்துவது மருத்துவர் சொன்ன நேரம்வரை மட்டுமே தகும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அடித்தல், மிகைப் பாரம், உறுப்புச் சிதைத்தல், உணவளியாமை ஆகியவற்றைக் குற்றமாக வைத்து, நியாயமற்ற காலம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதையும் சேர்த்திருக்கின்றது. நம் ஐந்து வழுக்களோடு அது ஒத்து நிற்பதைக் காண்க. சட்டமும் கால அளவைத்தான் கேட்கின்றது.

இனி, மிகக் கடினமான இடம் ஒன்றுண்டு. கால் ஒடிந்த எருதுக்கு வைத்தியம் பார்ப்பதைவிட அடிமாடாக விற்றுவிடுவதே இலாபம் என்று சந்தைக்கு ஓட்டுவோர் உண்டு. "வலியிலிருந்து விடுதலை கொடுக்கிறோம்" என்றும் சிலர் கூறுவர். சல்லேகனை ஓர் உயிர் தானே தெளிந்து ஏற்கும் நோன்பு. அதனைப் பிறர் மற்றோர் உயிர்மேல் சுமத்த நம் நெறியில் இடமில்லை. ஆனால் கொல்லாமல் விட்டுவிட்டால் மட்டும் கடமை முடியுமா? கட்டுப் போட்டு, கொட்டிலில் தள்ளி, மறந்துபோனவனும் விரதம் காத்தவன் ஆகான்.

சீவகசிந்தாமணியில் சீவகன், அடிபட்டு உயிர் விடும் நாய்க்கு மந்திரம் ஓதி நற்கதி அருளியதை நாம் அறிவோம். காப்பாற்ற இயலாத இடத்தில் அவன் செய்தது அது. காப்பாற்ற இயலும் இடத்தில் மந்திரம் மருந்துக்கு ஈடாகாது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர லால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனை 1929இல் தொடங்கியது. அங்கே கட்டுப்போட்டுத் தேறிய பறவைகளை வானில் விட்டுவிடுகிறார்கள். கட்டுவதும் அவிழ்ப்பதும் அங்கே ஒரே அறத்தின் இரு பாதிகள்.

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்ட உயிரைக் கண்டால் எலும்பை நீங்களே இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். அசைக்காமல் வைத்து, 1962 என்னும் கட்டணமில்லாக் கால்நடை உதவி எண்ணை அழையுங்கள். கட்டுப் போட்ட நாளையும் அவிழ்க்க வேண்டிய நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒளடத தானம் செய்ய விழைவோர் மருந்தோடு நிறுத்தாமல், அவிழ்க்கும் நாள்வரை தீவனத்திற்கும் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள்.

அச்சிறுமிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கட்டுவது குற்றமில்லை, அம்மா. கட்டியதை மறப்பதுதான் குற்றம்."